எங்கள் ஊர்த் தலைக்கட்டுக் கணக்கு: யாரையெல்லாம் சேர்ப்பது?

தட்டோன் பக்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்மாவில், மோன் மாநிலத்தில், தட்டோனுக்கும் மொத்தமாவுக்கும் இடையே ரயில் நிற்கிற சின்ன ஊர் எங்களுடையது. இப்போதுள்ள நிலைமையில் ஊர்ப் பெயரைப் போடவில்லை. மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த வருஷம் கும்பாபிஷேகம் செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. அதற்கு ஒரு மலர் போட வேண்டும், ஊரில் உள்ள தமிழ்த் தலைக்கட்டு (கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பம்) விவரம் அதில் வர வேண்டும் என்று கமிட்டிப் பெரியவர்கள் முடிவு செய்து வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அப்பாயி எனக்குத் தவிட்டில் எழுதிப் பழக்கிய தமிழ்தான் காரணம். எங்கள் வயதுக்காரர்களில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான்.

கோயில் அறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. திருவிழா வரி நோட்டுகளை அதில் போட்டு வைத்திருக்கிறார்கள். நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை. கற்பூர வாசனையும் பூச்சி அரித்த ஓட்டையுமாக இருக்கும். 1963ஆம் வருஷ நோட்டில் 112 தலைக்கட்டு. எல்லாம் தமிழ் எழுத்து. கைநாட்டு வைத்தவர்களுக்கு மட்டும் பக்கத்தில் மேஸ்திரி பெயரெழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த மூன்று வருஷத்தில் அதே பெயர்களுக்குப் பக்கத்தில் யாரோ சிவப்புப் பென்சிலால் "கப்பல்" என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம், வேறு விவரம் கிடையாது. கப்பல், கப்பல், கப்பல். எண்ணிப் பார்த்தேன், 88 பெயர்கள். முதல் நாள் அதற்கு மேல் படிக்க முடியாமல் பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

1967 நோட்டில் மொத்தம் 38 தலைக்கட்டு என்று அடியில் போட்டிருக்கிறது. ஆனால் தமிழில் இருக்கிற பெயர் 24தான். மீதி 14 பெயர் பர்மிய எழுத்தில், வேறொரு பக்கத்தில் இருக்கிறது. சந்தைக்காரர்கள் கொடுத்த நன்கொடையாக இருக்கும், மொத்தம் போட்டவர் சேர்த்துக் கூட்டிவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஊர் எப்படி மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். பெகுவிலிருந்து மொத்தமா வரை ரயில் பாதை 1907இல் வந்தது. பாதை வேலைக்கு வந்து தங்கியவர்கள், அப்புறம் மேஸ்திரி முன்பணம் கொடுத்து அரிசி மில்லுக்குக் கூட்டி வந்தவர்கள், இவர்கள்தான் எங்கள் முன்னோர். சுற்றிலும் வயல் எல்லாம் மோன் மக்களுடையது. மலையில் கரேன், பஓ. ஸ்டேஷன், மில், கடைத்தெரு இந்த மூன்றும் மட்டும் நம் ஆட்கள், சீனர், இந்துஸ்தானிக்காரர்கள். மில் சங்கு ஊதினால் தெருவில் தமிழ்தான் கேட்கும் என்று அப்பாயி சொல்லும்.

1942இல் ஜப்பான்காரன் ஜனவரி கடைசியிலேயே மோல்மேனைப் பிடித்துவிட்டான். பிப்ரவரியில் சித்தாங் ஆற்றுப் பாலத்தை வெள்ளைக்காரப் படை தகர்த்துவிட்டது. இரங்கோன் பக்கத்து ஜனங்கள் அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்து போனார்கள், வழியில் கணக்கில்லாமல் செத்தார்கள். எங்களால் ஆற்றைத் தாண்டவே முடியவில்லை. தாத்தாவும் அப்பாயியும் கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு மோன் கிராமத்தில் போய் ஒளிந்திருந்தார்கள். அந்த வீட்டு உறவு விட்டுப்போகவில்லை. பின்னால் அதே கிராமத்தில்தான் அப்பாவுக்குப் பெண் எடுத்தார்கள். என் அம்மா மோன். என் மனைவி பஓ. மகளுக்கு வீட்டில் மீனா, பள்ளிக்கூடத்தில் மீ மீ.

இப்போது மில் இல்லை. லைன் வீடுகளில் சண்டையால் மலையிலிருந்து இறங்கி வந்த கரேன் குடும்பங்கள் குடியிருக்கின்றன. நம் பையன்கள் தாய்லாந்தில். 18 வயதிலிருந்து 35 வரை ஆண்பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் சட்டத்தை 2024 பிப்ரவரியில் அமல்படுத்தினார்களே, அதன் பிறகு தெருவில் வாலிபப் பையன் நடமாட்டமே இல்லை. என் மகன் மஹாச்சாயில் மீன் கம்பெனியில் இருக்கிறான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அப்பா அம்மா இரண்டு பக்கமும் தமிழ் என்று பார்த்தால் 9 வீடு. அப்பா வழி மட்டும் போதும் என்றால் 27 வீடு. வரி கொடுத்து, தீமிதிக்கு விரதம் இருந்து, கூழ் ஊற்ற வருகிறவர்கள் எல்லோரும் என்றால் 54. கமிட்டியில் மூன்று பேர் மூன்று மாதிரி சொல்கிறார்கள்.

ஒரு ஆளைச் சொல்கிறேன், அவரைத்தான் எனக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் தோசை போடுகிற அக்கா. சுத்த மோன், தமிழ் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. சின்ன வயதில் எங்கள் அப்பாயியிடம் மாவாட்ட வந்தவர். பர்மியர் எல்லோரும் "தோஷே" என்பார்கள், இவர் மட்டும் "தோசை" என்பார். மாவைக் கரண்டியின் அடியால் உள்ளிருந்து வெளியே சுழற்றி, ஓரம் சிவந்ததும் கல்லின் விளிம்பில் கரண்டியை ஒரு தட்டு தட்டுவார். அப்பாயி அப்படித்தான் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பசிக்கும். வருஷம் தவறாமல் வரி கொடுக்கிறார், பால்குடம் எடுக்கிறார். என் மகனைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார். இவர் தலைக்கட்டா இல்லையா?

எந்தக் கணக்கை எழுதினாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர்களில் எப்படிச் செய்தீர்கள்?

ஞாயிறு வகுப்பு எழுதியது:

தம்பி, இரங்கோனில் கோயில் வராந்தாவில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், மனம் நோக வேண்டாம். மொழியை வைத்து எழுதுங்கள். வீட்டில் ஒருவராவது தமிழ் பேசினால் தமிழ் வீடு. இல்லையென்றால் இல்லை.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 1931 குடிக்கணக்கில் இரங்கோனில் இருந்த 4 லட்சம் பேரில் 2 லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இந்தியர். நகரத்தில் பாதிக்கு மேல். டிராம் வண்டியிலும் துறைமுகத்திலும் தெலுங்கும் தமிழும்தான். 1965இல் தனியார் பள்ளிக்கூடங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நாம் நடத்திய பள்ளிகளும் அதில் போயின. அன்றைக்குத் தெருவை விட்டுக் கோயில் வராந்தாவுக்கு ஒதுங்கிய தமிழ்தான் இன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. என் வகுப்பில் 31 பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 4 பேர்.

நீங்கள் 54 என்று எழுதிவிட்டால் உங்கள் மீனாவின் பிள்ளை அதைப் படித்துவிட்டு "அப்போது நன்றாகத்தானே இருந்தார்கள்" என்று நினைக்கும். போனது போனது என்று ஏட்டில் தெரிய வேண்டும். வலித்தாலும் தெரிய வேண்டும். தோசைக்கார அம்மாவை முதல் பெயராகப் போடுங்கள், எனக்குச் சம்மதம். அவர் தமிழ் பேசுகிறார்.

காரைக்குடி பர்மா காலனி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். சிவப்புப் பென்சிலில் கப்பல் என்று எழுதியிருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான் அந்த ஊர். 1965இல் 12 வயதில் கப்பல் ஏறினேன். இனி நான் சொல்வதை அவள் டைப் செய்கிறாள்.

மில்லுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம், பலா மரம் நின்ற வீடு எங்களுடையது. கிணற்றில் இரண்டு ராட்டினம் இருக்கும். ஒன்று எங்களுக்கு, ஒன்று பக்கத்து மோன் வீட்டுக்கு. எங்கள் அப்பா கடைத்தெருவில் அரிசி, புளி, மிளகாய் வியாபாரம். 1964 மார்ச்சில் இரங்கோனில் கடைகளை எடுத்துக்கொண்டார்கள் என்று சேதி வந்தது. நம் சின்ன ஊருக்கு எங்கே வரப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் வந்து பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுப் பலகை மாட்டிவிட்டார்கள். மக்கள் கடை, ஒரு நம்பர். மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பணம் எல்லாம் அந்த நோட்டுத்தான். அம்மா அழவில்லை. பானையைக் கவிழ்த்து அரிசியை முறத்தில் கொட்டி, நோட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அரிசியைப் புடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த முறத்தின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கிளம்புகிற அன்று வீட்டுச் சாவியைப் பக்கத்து மோன் வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அவர் பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை, ஆயா என்போம். ஒரு தூக்குச் சட்டி நிறைய நாப்பி, அதுதான் பர்மிய மீன் விழுது, வறுத்துக் கொடுத்தார். கப்பலில் அந்த வாசனைக்குச் சிலர் முகம் சுளித்தார்கள். அம்மா மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

சென்னையில் இறங்கினால் நான் பர்மாக்காரன். காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் 12 வயதில் என்னை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஞாயிறு வகுப்பு ஐயா சொல்கிற கணக்கில் அன்றைக்கு என்னை எங்கே வைப்பீர்கள்?

எனக்கு ஒரு கேள்விதான். கப்பல் ஏறினவர்களை மலரில் போடுவீர்களா? நாங்களும் அந்தத் தலைக்கட்டுத்தானே. அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது?

தட்டோன் பக்கம் எழுதியது:

ஐயா, நேற்று உங்கள் செய்தியைப் பார்த்ததும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நேரே அங்கே போனேன்.

மறைக்காமல் சொல்கிறேன். வீடு இல்லை. அந்த இடத்தில் செங்கல் கட்டடம், கீழே போன் கடை, மேலே மலையிலிருந்து வந்த கரேன் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கிணற்றைக் கான்கிரீட் பலகை போட்டு மூடி அதன் மேல் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். பலா மரம் நிற்கிறது. மேல் கிளையில் காயும் இருக்கிறது, படம் அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டில் உங்கள் ஆயாவின் மகள் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். நான் கேட்டதும் உங்கள் அம்மாவின் மூக்குத்தியைச் சொன்னார். இரண்டு பக்கமும் குத்தியிருப்பாராமே. சாவி எங்கே போனது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவர் அம்மா பத்து வருஷத்துக்கு வீட்டை யாருக்கும் கொடுக்கவில்லையாம். "வந்து கேட்டால் என்ன சொல்வது" என்பாராம். கூரை இடிந்து விழுந்த பிறகுதான் மனசு வந்ததாம். இப்போதும் கிணற்றுப் பக்கம் செவ்வாய் வெள்ளியில் ஊதுபத்தி வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "அம்மா வைத்தார், நானும் வைக்கிறேன்" என்றார்.

கப்பல் ஏறினவர்கள் கட்டாயம் வருவார்கள் ஐயா. அந்த 88 பெயரும் வரும்.

மோல்மேன் அக்கா எழுதியது:

தம்பி, நான் மோல்மேன், வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கதை சொல்கிறேன்.

1982 குடியுரிமைச் சட்டம் தெரியுமல்லவா. 1823க்கு முன்னால் இங்கே வேர் இருந்த இனத்தாருக்குத்தான் முழு உரிமை, மற்றவர்களுக்குக் கிளாஸ் கிளாஸாகப் பிரித்து நீல அட்டை, பச்சை அட்டை. அட்டை மாற்ற எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே நாளில் போனோம். ஒரே அப்பா, ஒரே அம்மா. அம்மா பர்மியப் பெண். அக்காவுக்கு இனம் என்ற இடத்தில் "இந்தியா" என்று எழுதினார்கள். எனக்கு "இந்தியா, பர்மா". தம்பிக்கு நிறம் கொஞ்சம் வெளுப்பு, அவனுக்கு "பர்மா" மட்டும். ஒரு வயிற்றில் பிறந்த மூவருக்கு மூன்று இனம். தமிழ் என்று எழுதுங்கள் என்று அப்பா கேட்டதற்கு, பட்டியலில் இல்லை என்று பதில். அது உண்மைதான். அரசாங்கத்தின் 135 இனப் பட்டியலில் நாம் கிடையாது. 2014 குடிக்கணக்கில் இனம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், அந்த விவரத்தை வெளியிடவே இல்லை.

நம்மை அப்படி எழுதினவர்கள் அன்னியர். நம் கோயில் மலரில் நாமே ஒருவரை ஒருவர் அப்படி எழுத வேண்டுமா? எண்ணே போடாதீர்கள். வீடு வீடாக எழுதுங்கள். முதலில் வந்தவர் யார், எந்த ஊர், யாரைக் கட்டினார், வீட்டில் என்ன பேசினார்கள், இப்போது என்ன பேசுகிறார்கள், யார் கப்பலில் போனார், யார் தாய்லாந்து போனார். ஞாயிறு வகுப்பு அண்ணன் சொன்ன இழப்பும் அதில் தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். கோயில் நோட்டை மட்டும் வைத்து எழுதினால் உங்கள் ஊர்ச் சூலியா (தமிழ்) முஸ்லிம் வீடுகளும், தமிழ் வேதக்கார வீடுகளும் விட்டுப்போகும். அவர்களும் அதே கப்பலில் வந்து அதே மில்லில் வேலை செய்தவர்கள். கட்டாயம் போய்க் கேளுங்கள்.

அடுத்தது, தலைக்கட்டு என்பதே ஆண்பிள்ளைக் கணக்கு. கல்யாணமான ஆணுக்கு ஒரு வரி, விதவை வீட்டுக்குப் பல ஊரில் அரை வரி. எங்கள் பக்கத்தில் 1964க்கு அப்புறம் ஆண்கள் மட்டும் கப்பல் ஏறி, பர்மியப் பெண்சாதியும் பிள்ளைகளும் இங்கேயே நின்றுபோன வீடுகள் நிறைய. "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். நீங்கள் நன்கொடை என்று தள்ளிய அந்த 14 பெயரை இன்னொரு தடவை பாருங்கள்.

தட்டோன் பக்கம் எழுதியது:

அக்கா, பார்த்தேன்.

14 பெயரும் பெண்கள் பெயர்தான். அது முதலிலேயே தெரிந்தது, சந்தையில் விற்பவர்கள் எல்லோரும் பெண்கள், அதனால் நான் அதை யோசிக்கவில்லை. இப்போது தொகையைப் பார்த்தேன். நன்கொடையாக இருந்தால் ஆளுக்கு ஒரு தொகை இருக்கும். இதில் 14 பேரும் 3 கியாட். தமிழில் எழுதியிருக்கிற 24 பேருக்கும் அதே 3 கியாட். முழு வரி. அரை வரிகூட இல்லை.

நோட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊரிலேயே மூத்த ஆயாவிடம் போனேன், 86 வயது. கண் தெரியவில்லை, ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் "அது இன்னார் பெண்டாட்டி" என்று புருஷன் பெயரைச் சொன்னார். அந்த 14 புருஷன் பெயரும் முந்தைய நோட்டில் இருக்கிறது, பக்கத்தில் கப்பல் என்று. 112இல் 88 போனால் 24, அதோடு 14, மொத்தம் 38. மொத்தம் போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஐம்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கோயிலில் யாரோ ஒருவர், புருஷன் போய்விட்ட மோன் பெண்ணையும் பர்மியப் பெண்ணையும் முழுத் தலைக்கட்டாக ஏற்றுக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்த எழுத்திலேயே பெயரெழுத வைத்திருக்கிறார். எங்கள் வரி நோட்டில் பர்மிய எழுத்து நுழைந்த முதல் பக்கம் அதுதான்.

நேற்று இரவு கமிட்டியில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். 9 வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொன்றாவது பெயர் அவருடைய பெரியம்மா. வீடு வீடாக எழுத ஒப்புக்கொண்டார்கள். நாளை பள்ளிவாசல் தெருவுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வீடுகளுக்கு.

காரைக்குடி ஐயா, 1963 நோட்டில் 47ஆம் வரியில் ஒரு பெயர் இருக்கிறது, பக்கத்தில் "அரிசிக் கடை" என்று போட்டிருக்கிறது. உங்கள் அப்பாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெயரை இங்கே போடாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அவர் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும், உங்கள் அம்மா பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். அம்மா பெயர் நோட்டில் எங்குமே இல்லை.